புள்ளி ஐந்து இல்லறம்

சட்டசபையில் அமைச்சர் வாசித்த கணக்கில் ஒரு சதவீதம் கூடிப்போனதில்தான் கோமதிநாயகத்தின் கல்யாணம் ஆட்டம் காணத் தொடங்கியது.

அமைச்சர் வாசித்தது இவ்வளவுதான்: மாநிலத்தில் மகிழ்ச்சியாக வாழும் தம்பதிகள் நாற்பத்தொரு சதவீதம், ஏதோ போகிறது என்று வாழ்கிறவர்கள் முப்பத்தேழு சதவீதம், பல்லைக் கடித்துக்கொண்டு வாழ்கிறவர்கள் இருபத்து மூன்று சதவீதம். எதிர்க்கட்சி வரிசையில் பழைய கணக்கு வாத்தியார் ஒருவர் இருந்தார். எழுந்து நின்று, "மொத்தம் நூற்றியொண்ணு வருதே, அந்த மிச்ச ஒரு சதவீதம் யார் வீட்டுச் சம்சாரம்?" என்று கேட்டார். சபை சிரித்து முடிக்க வெகுநேரம் ஆயிற்று. அமைச்சர் சிரிக்கவில்லை. அவர் இல்லறப் புதுப்பிப்புத் துறையின் செயலரைக் காய்ச்ச, செயலர் இயக்குநரைக் காய்ச்ச, அந்தச் சூடு கொஞ்சமும் ஆறாமல் பாளையங்கோட்டை மண்டல அலுவலகத்தின் கணினிப் பிரிவில் இருந்த கோமதிநாயகத்தின் மேசைக்கு வந்து சேர்ந்தது.

"என்னவே கோமதி, இந்த ஒரு சதவீதம் எங்கேருந்துவே முளைச்சுது?" என்றார் மண்டல அதிகாரி அருளப்பன்.

"முளைக்கல்லாம் இல்ல சார். நாப்பது புள்ளி ஆறை கம்ப்யூட்டர் ஷீட்டு நாப்பத்தொண்ணுன்னு காட்டும். முப்பத்தாறு புள்ளி எட்டை முப்பத்தேழுங்கும். இருபத்திரெண்டு புள்ளி ஆறு, இருபத்து மூணாயிரும். உள்ளுக்குள்ள கூட்டினா சரியா நூறுதான். வெளிய காட்டுததைக் கூட்டினாத்தான் நூத்தியொண்ணு."

"அப்போ உள்ள ஒண்ணு, வெளிய ஒண்ணா?"

"ஆமா சார்."

"புருசன் பொண்டாட்டி கணக்குன்னா அப்படித்தாம்வே இருக்கும்" என்றார் அருளப்பன். "இருந்தாலும் திருத்தும். எங்கெங்க ரவுண்டு பண்ணியிருக்கோ அங்கெல்லாம் திருத்தும். இன்னொரு தடவை மந்திரி முழிச்சாருன்னா நான் முழிக்கணும்."

இந்தத் துறை எதற்கு வந்தது என்பதைச் சொல்லிவிட வேண்டும். குடும்பநல நீதிமன்றங்களில் வழக்குகள் பெருகி, விவாகரத்துக் கேட்டுப் போனவர்கள் தீர்ப்பு வருவதற்குள் பேரன் பேத்தி எடுக்கத் தொடங்கிய காலத்தில் இல்லறப் புதுப்பிப்புச் சட்டம் வந்தது. வண்டிக்குத் தகுதிச் சான்று புதுப்பிப்பதுபோல ஆண்டுதோறும் கல்யாணத்தைப் புதுப்பிக்க வேண்டும். கணவன் மனைவி இருவர் கையிலும் ஒரு பட்டை. எத்தனை தடவை சேர்ந்து சிரித்தார்கள், எவ்வளவு நேரம் சேர்ந்து சாப்பிட்டார்கள், குரல் எப்போது உயர்ந்தது என்பதையெல்லாம் அது பார்த்துக்கொண்டே இருந்து ஆண்டு முடிவில் நூற்றுக்கு ஒரு மதிப்பெண் போடும். ஐம்பது வந்தால் கல்யாணம் தானே புதுப்பிக்கப்படும். ஐம்பதுக்குக் கீழே போனால் இருவரும் அலுவலகத்துக்கு நேரில் வந்து, தனித்தனி அறையில், ஒரே ஒரு கேள்விக்குப் பதில் சொல்ல வேண்டும். "தொடரலாமா?"

ஆண்டு முடிவு நெருங்கும் மாதங்களில் பாளையங்கோட்டைத் தெருக்களில் தம்பதிகள் எதிரெதிரே உட்கார்ந்து காரணமில்லாமல் சிரிப்பதைக் கேட்கலாம். பக்கத்து வீட்டுக் குழந்தைகள் பயந்து அழும்.

கோமதிநாயகம் திருத்தினார். திருத்தும்போதுதான், ஐம்பது என்ற வரம்பையும் ஷீட்டு வெளியே காட்டும் எண்ணை வைத்தே பார்த்துவந்தது என்று தெரிந்தது. நாற்பத்தொன்பதரை வாங்கியவர்களும் ஐம்பதாகி, கேள்வி கேட்கப்படாமலே ஆண்டுக்கணக்கில் தப்பித்து வந்திருந்தார்கள். இனி உள்ளே இருக்கும் எண்ணைத்தான் பார்க்க வேண்டும் என்று ஒரு வரி மாற்றினார். மாற்றியதும் அவருக்கு மனசு நிறைந்துவிட்டது. சுவரில் கோணலாகத் தொங்கும் படத்தை நேராக்கினால் அவருக்குக் கிடைக்கும் சந்தோஷம் அது.

அடுத்த வாரம் அழைப்பாணை பெற்றவர்களில் அவரும் இருந்தார்.

"நாப்பத்தொம்பது புள்ளி ஏழு" என்றார் வீட்டில், கைப்பேசியை நீட்டி. "இத்தனை வருசமும் ஐம்பதுன்னுதான் காட்டிருக்கு."

அவர் மனைவி வடிவு அதை வாங்கிப் பார்த்தாள். அவள் வண்ணார்பேட்டையில் கார் ஓட்டக் கற்றுக்கொடுக்கிற பள்ளி நடத்துகிறாள். தானே ஓடுகிற கார் வந்த பிறகும் ஊரில் அவளுக்கு ஆள் குறையவில்லை. வண்டி ஓட்டத் தெரியாத மாப்பிள்ளைக்குத் திருநெல்வேலியில் இன்னும் மதிப்பு மட்டுதான்.

"யாரு இப்போ இதைக் கண்டுபிடிச்சா?" என்றாள்.

"நான்தான்."

"நல்லாருக்கு" என்றாள் வடிவு. 

கோமதிநாயகம் கெட்ட மனிதர் அல்ல. குடி கிடையாது, கத்த மாட்டார், மகளைக் கோயம்புத்தூரில் அவள் கேட்ட படிப்பில் சேர்த்துவிட்டார். அவரிடம் இருந்தது ஒரே பழக்கம். வடிவு விருந்தாளிகளிடம், "மழைன்னா மழை, ஒரு வாரம் விடவே இல்ல" என்று ஆரம்பித்தால், பக்கத்திலிருந்து, "அஞ்சு நாள்" என்பார். "கல்யாணத்துக்கு ஆயிரம் பேர் வந்திருந்தாங்க" என்றால், "எழுநூத்துச் சொச்சம். எலை எண்ணினோம்லா" என்பார். அதன் பிறகு வடிவின் கதை தானே நின்றுபோகும். விருந்தாளி காப்பியைக் குடித்துவிட்டுக் கிளம்புவார். தவறான எண் ஒன்று காற்றில் திரிவதைத் தடுத்துவிட்ட திருப்தியில் கோமதிநாயகம் அவரை வாசல்வரை வழியனுப்புவார். அந்தக் கைப்பட்டை இதையெல்லாம் பார்த்துக்கொண்டுதான் இருந்தது.

குறித்த நாளில் இருவரும் போனார்கள். தன் அலுவலகத்திலேயே பொதுமக்கள் வரிசையில் நிற்பது கோமதிநாயகத்துக்குக் கூச்சமாக இருந்தது. பியூன் பார்த்துச் சிரித்தான். அறைக்குள் கண்ணாடித் தட்டு ஒன்று மட்டும் இருந்தது. "தொடரலாமா?" என்று ஒரு பெண் குரல் கேட்டது. "தொடரலாம்" என்று கையை அதில் வைத்தார். வெளியே வந்தபோது வடிவு தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தாள்.

மறுநாள் காலையில் செய்தி வந்தது: உங்கள் இல்லறம் புதுப்பிக்கப்பட்டது.

அதன் பிறகு வந்த மாதத்தைக் கோமதிநாயகம் வெகுகாலம் மறக்கப்போவதில்லை. வடிவு மாறியிருந்தாள். சமையலறையில் தனியாக நின்று சிரித்தாள். என்ன என்று கேட்டால், "ஒண்ணுமில்ல" என்றாள். ஒரு ஞாயிற்றுக்கிழமை கேட்காமலே தேங்காய்ப்பால் சொதி வைத்தாள், இஞ்சித் துவையலோடு. அவர் சாப்பிடும்போது கன்னத்தில் கைவைத்து அவரையே பார்த்தாள், புதிதாக ஒரு ஆளைப் பார்ப்பதுபோல. அவளும் தொடரலாம் என்று சொன்னதால்தான் இவ்வளவும் என்று கோமதிநாயகம் முடிவுகட்டினார். கேள்வி என்று ஒன்று கேட்டால்தானே மனசு என்ன என்று தெரியும்? தன் திருத்தம் தன் வீட்டுக்கே நல்லது செய்துவிட்டதாக அவருக்குப் பெருமை.

அந்தப் பெருமையில்தான் பிரிசில்லா டீச்சர் வந்து மோதினாள்.

பள்ளிக்கூடத்தில் விளையாட்டு ஆசிரியை. கழுத்தில் விசில் தொங்கியது. வரிசையில் நிற்காமல் நேரே அவர் மேசைக்கு வந்து கைப்பேசியைத் தட்டென்று வைத்தாள்.

"சார், நான் வருசா வருசம் வாரேன். உள்ள போறேன். தொடரலாமான்னு கேக்குது. வேண்டாங்கேன். மறுநாள் புதுப்பிச்சாச்சுன்னு சேதி வருது. இந்த வருசமும் வந்திருக்கு. உங்க மெசினுக்குக் காது கேக்காதா?"

"அப்படி இருக்காதுங்க டீச்சர். நீங்க சரியாச் சொல்லலையோ என்னமோ."

"கத்திச் சொன்னேன் சார். மைதானத்துல கடைசிப் பையனுக்குக் கேக்குத மாதிரி. வெளிய உக்காந்திருந்த எங்க வீட்டுக்காரருக்கே கேட்டுது. அதுக்கு வீட்டுல வச்சு நான் பட்டது தனி."

அவள் கையைப் பின்னால் இழுத்துக்கொண்ட விதத்தில் அவருக்கு அதற்கு மேல் கேட்கத் தோன்றவில்லை.

"மொத வருசம் அப்பாட்ட சொன்னேன்" என்று அவள் தொடர்ந்தாள். "கெவர்மெண்டே சேந்து இருன்னு சொல்லுது, நீ என்ன பெரிய இவளான்னாரு. பொறவு யார்ட்டயும் சொல்லல."

கோமதிநாயகம் பதில்களுக்கான ஷீட்டைத் திறந்தார். அவர் அதுவரை அதைத் திறந்ததே இல்லை. ஓய்வுபெற்றுப் போன யாரோ செய்து வைத்தது. ஒருவர் 'தொடரலாம்' என்றால் ஒன்று. 'வேண்டாம்' என்றால் சைபர். இருவர் பதிலையும் சேர்த்துச் சராசரி போட்டுவிட்டு, யார் என்ன சொன்னார் என்பதை அந்தரங்கம் கருதி உடனே அழித்துவிடும். சராசரி மட்டும் நிற்கும். இருவரும் சரி என்றால் ஒன்று. இருவரும் வேண்டாம் என்றால் சைபர். ஒருவர் சரி என்று இன்னொருவர் வேண்டாம் என்றால் என்ன ஆகும் என்று யாரும் யோசித்திருக்கவில்லை. அந்த ஷீட்டுக்கு ஒப்புதல் கொடுத்த குழுவில் இருந்தவர்கள் எல்லோரும் ஆண்கள். கணவன் ஒன்று சொல்லி மனைவி வேறொன்று சொல்லக்கூடும் என்பது அவர்கள் அறிவுக்கு எட்டவில்லை.

பிரிசில்லா டீச்சரின் கட்டத்தில் ஒன்று என்று இருந்தது. அதைத் தொட்டார். திரையின் மேலே இருந்த வரியில் உண்மையான எண் தெரிந்தது. புள்ளி ஐந்து.

அரையை ஷீட்டு மேலே தள்ளி ஒன்றாக்கியிருந்தது. பள்ளிக்கூடத்தில் எல்லோரும் படித்த விதிதான்.

"திங்கக்கெழமை வாங்க டீச்சர்" என்றார். 

"வந்தா?"

"காது கேக்க வைக்கேன்."

 அவள் போனதும் தன் பெயரைத் தேடினார். கோமதிநாயகம், வடிவாம்பிகை. ஒன்று. அந்தக் கட்டத்தைத் தொடாமலே விட்டுவிடலாம். தொட்டால்தானே தெரியும்? ஆனால் உள்ளே என்ன எண் இருக்கிறது என்று பார்க்காமல் விடுவது இந்தப் பிறவியில் அவரால் ஆகாத காரியம்.

புள்ளி ஐந்து.

அவர் பதில் ஒன்று. அது அவருக்குத் தெரியும். மிச்சத்தைக் கழிக்கக் கம்ப்யூட்டர் தேவைப்படவில்லை.

அருளப்பன் விஷயத்தைக் கேட்டுவிட்டுக் கதவைச் சாத்தினார்.

"எத்தனை பேருவே இருக்கும் இந்த மாதிரி?"

"மாநிலம் பூராவும் எடுத்தா ஒரு சின்ன டவுன் இருக்கும் சார். எல்லாரையும் பிடிச்சு வச்சிருக்கோம்."

"பிடிச்சு வச்சிருக்கோம்னு சொல்லாதியும். சேத்து வச்சிருக்கோம்னு சொல்லும். பிரிஞ்சு போறவன் கொறஞ்சுட்டான்னு மந்திரி டெல்லி வரைக்கும் போயி விருது வாங்கிட்டு வந்திருக்காரு. அரைன்னா மேல தள்ளுததுதாம்வே உலக வழக்கம். நான் படிக்கும்போதும் அதான், என் மகன் படிக்கும்போதும் அதான்."

"அரைங்கது எண்ணு இல்ல சார். ரெண்டு பேர்ல ஒரு ஆளு. ஆளை எப்படி சார் மேல தள்ளுதது? ரெண்டு பேரும் சம்மதிச்சாத்தான் புதுப்பிக்கணும்னு சட்டத்துலயே இருக்கு."

"நீரு நூத்தியொண்ணைத்தான் திருத்தணும்னு சொன்னேன்."

"எங்கெங்க ரவுண்டு பண்ணியிருக்கோ அங்கெல்லாம் திருத்தச் சொன்னிய சார்."

அருளப்பன் தலையில் கைவைத்துக்கொண்டார். "ஒம்ம பொண்டாட்டி ஒம்மகூட எப்படிவே காலம் தள்ளுதா?" என்றார்.

சும்மா கேட்டதுதான். கோமதிநாயகம் எழுந்து வந்துவிட்டார்.

சனிக்கிழமை மதியம் வடிவு வகுப்பு முடித்துச் சாப்பிட வந்திருந்தாள். அவர் தட்டைப் பார்த்துக்கொண்டே சொன்னார்.

"பதில் ஷீட்டுலயும் பிழை இருக்கு. நம்ம கட்டத்துல புள்ளி அஞ்சு."

வடிவின் கை சோற்றில் நின்றது. "அப்படின்னா?"

"ஒருத்தர் வேண்டாம்னு சொன்னாலும் மிசினு அதை ஒண்ணாக்கிப் புதுப்பிச்சிருது."

அவள் முகத்தில் குற்ற உணர்ச்சியை எதிர்பார்த்தார். கோபத்தையாவது எதிர்பார்த்தார். வந்தது வேறு ஏதோ.

"அப்போ நீங்க மாத்தலையா?" என்றாள்.

"எதை?"

"என் பதிலை."

"நான் எதுக்கு மாத்துதேன்? அது குத்தம்லா."

வடிவு தட்டைத் தள்ளி வைத்தாள்.  பிறகு சிரிக்க முயன்று பாதியில் விட்டாள்.

"நான் வேண்டாம்னுதான் சொன்னேன்" என்றாள். "மறுநாள் புதுப்பிச்சாச்சுன்னு வந்துது. அந்த ஆபீசுல கம்ப்யூட்டர் பூராவும் உங்க கையிலதான இருக்கு. இந்த மனுசன் திருட்டுத்தனமா உள்ள போயி என் சைபரை ஒண்ணாக்கிட்டாருன்னு நெனச்சேன். மொதல்ல கோவம் வந்துது. பொறவு யோசிச்சுப் பாத்தேன். ஒரு வாரத்தை அஞ்சு நாளுன்னு திருத்துத மனுசன், எனக்காக வேலையைப் பணயம் வச்சு ஒரு பொய்க் கணக்குப் போட்டிருக்காரேன்னு..." அவள் நிறுத்தினாள். "சின்னப் புள்ள மாதிரி சந்தோசமா இருந்துச்சுங்க. இருபது வருசத்துல இந்த ஒரு மாசந்தான்."

கோமதிநாயகத்துக்குச் சொதியும் சிரிப்பும் கன்னத்தில் வைத்த கையும் இப்போது விளங்கின. ஆமாம், நான்தான் மாற்றினேன் என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும். அது அவருக்கு அப்போதுதான் உறைத்தது. உறைத்தபோது நேரம் கடந்துவிட்டது. கடந்திருக்காவிட்டாலும் அந்த நாக்கு அதைச் சொல்லியிருக்குமா என்று அவருக்கே சந்தேகம்.

"இல்ல வடிவு. அது தானா நடந்தது" என்றார்.

"தானா நடந்தது" என்று அவளும் சொன்னாள். "நம்ம வீட்டுல எல்லாமே அப்படித்தான நடந்துது."

 பிறகு அவள் கேட்டாள்: "சரி, இப்போ என்ன செய்யப் போறிய?"

அவர் பிரிசில்லா டீச்சரைப் பற்றிச் சொன்னார். அருளப்பன் சொன்னதைச் சொன்னார். திருத்தினால் தங்கள் கட்டமும் சைபராகிவிடும் என்பதையும் சொன்னார். "வேணும்னா நம்ம ரெண்டு பேரோடதை மட்டும் ஒண்ணாவே விட்டு வைக்க வழி இருக்கு" என்றார், தரையைப் பார்த்துக்கொண்டு. வாழ்க்கையில் முதல் தடவையாக அவர் வாயிலிருந்து அப்படி ஒரு வாக்கியம் வந்தது. காது இரண்டும் சிவந்துவிட்டன.

வடிவு அவரை ஏற இறங்கப் பார்த்தாள்.

"இதைப் போன மாசம் செய்திருக்கணும்" என்றாள். "இப்போ செஞ்சா அந்த டீச்சர் வீட்டுக்காரருக்கும் உங்களுக்கும் என்ன வித்தியாசம்? நாளைக்கு ஆபீஸ் தெறந்திருக்குமா?"

"எங்கிட்ட சாவி இருக்கு."

"நானே கொண்டு விடுதேன். மந்திரி முழிச்சுக்கிடுததுக்குள்ள முடிச்சிருங்க."

ஞாயிற்றுக்கிழமை காலையில் பயிற்சிப் பள்ளியின் காரில், கூரையில் பெரிய சிவப்பு 'எல்' எழுத்தோடு, இருவரும் போனார்கள். அவள் காரிலேயே இருந்தாள். அவர் மாடி ஏறி, சராசரி முழுதாக ஒன்று என்றால் மட்டுமே ஒன்று, இல்லாவிட்டால் சைபர் என்று ஒரே வரியில் எழுதினார். பழைய ஆண்டுகளுக்கும் சேர்த்து ஓட விட்டார். திரையில் ஒன்றுகள் அங்கங்கே சைபராக மாறிக்கொண்டே கீழே போயின. தன் பெயர் வந்தபோது கண்ணை மூடிக்கொண்டார். திறந்தபோது அது மேலே போய் மறைந்திருந்தது.

பிறகு நடந்ததெல்லாம் பத்திரிகைகளில் வந்ததுதான். முதல் வாரம் அமைச்சர் சதி என்றார். இரண்டாம் வாரம், விடுபட்ட பெண்கள் ஊர் ஊராக மாலையோடு அலுவலகங்களுக்கு வரத் தொடங்கியதும், பிழையைக் கண்டுபிடித்ததே தான்தான் என்றார். விடுபட்டவர்களில் ஆண்களும் கணிசமாக இருந்தார்கள். அவர்கள் மாலை கொண்டுவரவில்லை, சத்தமில்லாமல் வந்து சான்றிதழ் வாங்கிப் போனார்கள். பிரிசில்லா டீச்சர் சான்றிதழை வாங்கிய கையோடு அலுவலக முற்றத்தில் நின்று விசிலை ஒரு ஊது ஊதினாள். கீழ்த்தளத்தில் எல்லோரும் வெளியே ஓடி வந்துவிட்டார்கள். அருளப்பனுக்குப் பதவி உயர்வு கிடைத்தது. கோமதிநாயகத்தைத் தூத்துக்குடிக்கு, மீன்வளத் துறைக்கு மாற்றினார்கள். மீனுக்குக் கல்யாணம் கிடையாது என்பதால் அங்கே அவரால் ஆபத்தில்லை என்று மேலிடத்தில் கருதியிருக்க வேண்டும்.

ஆனால் அந்த ஞாயிற்றுக்கிழமை இது எதுவும் அவர்களுக்குத் தெரியாது. அவர் இறங்கி வந்து காரில் ஏறினார். வடிவு வண்டியைக் கிளப்பினாள். முருகன்குறிச்சி தாண்டும்போது இரண்டு கைப்பேசிகளும் ஒரே நேரத்தில் ஒலித்தன. அவள் ஓரமாக நிறுத்தி, தன்னுடையதை எடுத்துப் படித்தாள். உங்கள் இல்லறம் காலாவதியானது. கைப்பட்டைகளை அருகிலுள்ள அலுவலகத்தில் ஒப்படைக்கவும்.

இருவரும் பட்டையைக் கழற்றினார்கள். அது இருந்த இடத்தில் தோல் வெளுத்துக் கிடந்தது. வடிவு இரண்டையும் வாங்கிப் பின்சீட்டில் போட்டாள். சாலையில் ஒரு குடும்பம் தேவாலயத்திலிருந்து திரும்பிப் போய்க்கொண்டிருந்தது. யாரோ எதற்கோ சிரித்தார்கள்.

"எங்க எறக்கி விடட்டும்?" என்றாள் வடிவு. பழக்கமில்லாத ஆளிடம் கேட்பதுபோலத்தான் கேட்டாள்.

கோமதிநாயகம் யோசித்தார். வீடு என்று சொல்ல வாயெடுத்தார். இனி அதை யார் வீடு என்று சொல்வது என்று தெரியவில்லை.

"நீ எதுவரைக்கும் போற?" என்று கேட்டார்.

அவள் திரும்பி அவரைப் பார்த்தாள். அவர் அவளிடம் பதில் தெரியாமல் கேள்வி கேட்டு வெகுகாலம் ஆகியிருந்தது.

"இன்னும் முடிவு பண்ணல" என்றாள். "பெல்ட்டைப் போடுங்க."